படுக்க வைத்த ஃபிரிட்ஜ் பெட்டி: வகுப்புக்கு ஓர் அட்டைப் படகு

"டீச்சர், அட்டை நனைந்துவிடாதா?" சேலத்தில் எந்த வகுப்பில் அட்டைப் படகு என்று சொன்னாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். அட்டையால் படகு செய்து, அதிலேயே ஏறி நீச்சல் குளத்தில் பந்தயம் விடும் இந்த வேலையை மூன்று ஆண்டுகளாக எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு செய்து வருகிறேன். இதுவரை ஏழு படகுகள் தண்ணீரில் இறங்கியிருக்கின்றன, நான்கு மூழ்கியிருக்கின்றன. இரண்டு கவிழ்ந்தன. ஒன்று நடுவில் மடங்கியது. நான்காவதன் தரையை ஒரு பையனின் முழங்கால் துளைத்துவிட்டது. நனைந்ததால் மட்டுமே மூழ்கிய படகு ஒன்றுகூட இல்லை. நீச்சல் குளத்தின் நீளம் 25 மீட்டர். பிள்ளைகள் எவ்வளவு தடுமாறினாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் கடந்துவிடுவார்கள். நன்றாகப் பெயிண்ட் அடித்த அட்டை அவ்வளவு நேரம் தாராளமாகத் தாங்கும். ஆகவே நீரைப் பற்றிய கவலையில் பாதியை எடுத்து, கவிழ்வதற்கும் மடங்குவதற்கும் கொடுங்கள்.

இந்தப் பந்தயம் நம் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் தெற்கு இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 1974-இல் ரிச்சர்ட் ஆர்ச்சர் என்ற வடிவமைப்பு ஆசிரியர் தம் மாணவர்களுக்கு வைத்த பரீட்சையிலிருந்து வளர்ந்தது. அட்டையால் படகு செய், அதில் நீயே ஏறிப் போ, அவ்வளவுதான் கேள்வித்தாள். அங்கே மிக அழகாக மூழ்கும் படகுக்கு டைட்டானிக் பெயரில் ஒரு பரிசும் உண்டு. நீங்கள் வேறு எதைக் கடன் வாங்காவிட்டாலும் இந்தப் பரிசைக் கட்டாயம் கடன் வாங்குங்கள். மூழ்கும் குழு அழாமல் வீடு திரும்பும்.

முதலில் விதிகளைக் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். அட்டை, பசை, துணி, பெயிண்ட் மட்டும். தெர்மாகோல் கூடாது, பிளாஸ்டிக் உறை கூடாது, காலி கேன்களை உள்ளே ஒளித்து வைக்கக் கூடாது. (ஒளித்து வைப்பார்கள்.) ஒரு படகில் இரண்டு பேர். இருவருக்கும் நீச்சல் தெரிந்திருந்தாலும் உயிர்காப்பு உடை கட்டாயம்.

பொம்மையும் ஜவ்வரிசியும்

கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் கணக்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர், ஆளுக்கு 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பசையும் பெயிண்டும் சேர்ந்த படகு சுமார் 10 கிலோ. மொத்தம் 90 கிலோ. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்குகிறது என்று ஏழாயிரம் முறை எழுதிய ஆர்க்கிமிடீஸ் தத்துவம் இப்போதுதான் வேலைக்கு வருகிறது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. எனவே படகு 90 லிட்டர் நீரை விலக்க வேண்டும்.

படகின் தரை 170 செ.மீ. நீளம், 70 செ.மீ. அகலம் என்றால் பரப்பு 11,900 சதுர செ.மீ. படகு ஒரு செ.மீ. ஆழம் இறங்கினால் 11.9 லிட்டர் நீர் விலகும். 90-ஐ 11.9-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7.6 செ.மீ. வரும். பக்கச் சுவர் 30 செ.மீ. உயரம் இருந்தால், நீர்மட்டத்துக்கு மேல் 22 செ.மீ. மிச்சம். பிள்ளைகள் இந்த விடையை முதல் தடவை நம்பமாட்டார்கள். "எட்டு சென்டிமீட்டர்தானா?" என்று விரலை அளந்து பார்ப்பார்கள்.

நம்ப வைக்க ஒரு பொம்மை செய்யுங்கள். எல்லா அளவையும் பத்தில் ஒன்றாக்கி, 17 க்கு 7 செ.மீ., உயரம் 3 செ.மீ. என்று இனிப்புக் கடை அட்டையில் ஒரு சின்னப் படகு. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தில் ஒன்றானால் எடை ஆயிரத்தில் ஒன்று, அதாவது படகோடு சேர்த்து 90 கிராம். நம் ஊரில் அதற்கு ஜவ்வரிசியை விட்டால் வேறு என்ன? பொம்மையையும் தராசில் வைத்து, மொத்தம் 90 கிராம் வரும்வரை ஜவ்வரிசியை ஒரு சிறு பையில் கட்டி, படகில் வைத்து, பக்கெட் தண்ணீரில் விடுங்கள். முக்கால் செ.மீ. இறங்கி நிற்கும். அதன் பிறகு அதே ஜவ்வரிசியை உயரமான, ஒடுக்கமான ஒரு குப்பியில் போட்டு நிறுத்தி வையுங்கள். எடை ஏறக்குறைய அதேதான். லேசாகத் தட்டினாலே படகு கவிழும். படகில் ஏன் எழுந்து நிற்கக் கூடாது என்று அதற்கு மேல் நீங்கள் பேச வேண்டியதில்லை.

பரிசலில் போன பிள்ளைகளுக்கு இது முன்பே தெரியும். காவிரியில் பரிசல்காரர் யாரையும் எழுந்து நிற்க விடமாட்டார், ஓரத்தில் உட்காரவும் விடமாட்டார். தட்டையான அடி, அகலமான வாய், கீழே குந்திய ஆட்கள் என்பதுதான் அதன் பலம். ஆனால் வட்டமாக இருப்பதால் சுற்றிக்கொண்டே போகும். நமக்கு அதன் தட்டையான அடி வேண்டும், வட்டம் வேண்டாம்.

பெட்டி வாங்குவது

இரண்டு கதவு ஃபிரிட்ஜ் வந்த பெட்டிதான் சரி. ஐந்து ரோட்டுப் பக்கம், புதிய பஸ் நிலையம் பக்கம் வீட்டு உபயோகப் பொருள் கடைகளில் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் பெட்டி அன்று மாலையே பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். கிடைத்ததும் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

ஓரத்தைப் பார்த்தால் தாள்களுக்கு நடுவே அலைபோல் ஓடும் நெளிவு இரண்டு வரிசையாகத் தெரிய வேண்டும். அது ஐந்து பிளை, அதாவது ஐந்து தாள் அடுக்கு உள்ள அட்டை. ஒரே வரிசை என்றால் மூன்று பிளை, படகுக்குப் போதாது. அடுத்து, மேலும் கீழும் பெட்டியோடு சேர்ந்த மடிப்பு இறக்கைகள் இருக்க வேண்டும். சில ஃபிரிட்ஜ்களுக்குத் தனி மூடி, தனித் தட்டு, நடுவில் வெறும் குழாய் மாதிரி ஓர் உறை என்று வரும். அது இந்த முறைக்கு உதவாது. மூன்றாவது, பெட்டி ஏற்கெனவே மழையில் நனைந்து காய்ந்ததா என்று தடவிப் பாருங்கள். நனைந்து காய்ந்த அட்டையில் மேல்தாள் அலை அலையாக நிற்கும். கடைசியாக, ஊழியர் பெட்டியைத் திறக்கும் அவசரத்தில் நடுவில் கத்தி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். பெரும்பாலும் போட்டிருப்பார்.

நனைந்த அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. அட்டைப் பெட்டியின் தாள்களையும் நெளிவையும் ஒட்டி வைத்திருப்பது மாவுப்பசை. மக்காச்சோள மாவு, சில இடங்களில் நம் மரவள்ளி மாவு. ஜவ்வரிசி ஆலை ஊர்க்காரர்களுக்கு மாவின் குணத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. காய்ந்தால் கல், நீர் பட்டால் கூழ். அட்டை தண்ணீரில் விழுந்ததும் காகிதம் கிழிவதற்கு முன்பே இந்தப் பசை விட்டுவிடுகிறது. அடுக்குகள் பிரிந்து, பலமெல்லாம் போய், வெறும் ஈரத்தாளாகத் தொங்குகிறது. நீர் அந்தப் பசையை எட்டுவதற்கு எளிய வழி அட்டையின் முகம் அன்று, வெட்டிய ஓரம். நெளிவுகள் ஒவ்வொன்றும் ஒரு ஸ்ட்ரா. ஓரம் திறந்திருந்தால் உறிஞ்சிக்கொண்டே போகும். அதனால்தான் கீழே சொல்லும் முறையில் வெட்டு ஓரங்களை முடிந்தவரை தவிர்த்திருக்கிறேன்.

ஏற்காட்டில் செய்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஒருமுறை மலையில் ஒரு பள்ளிக்கு உதவப் போனேன். மூடுபனிக் காலம். கூடத்தில் இரண்டு நாள் வைத்திருந்த அட்டை, ஒரு சொட்டு நீர் படாமலேயே, நமுத்த அப்பளம் போல் ஆகிவிட்டது. காற்றின் ஈரமே போதும். மலையில் என்றால் மார்ச், ஏப்ரலில் செய்யுங்கள், அல்லது கீழே சேலத்து வெயிலில் வெட்டி ஒட்டிக்கொண்டு போங்கள். செய்து முடித்த படகை இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டியின் மேல் கட்டிக்கொண்டு போவது தனி வித்தை. நாங்கள் போனோம். இன்னொரு முறை போகமாட்டேன்.

வெட்டு, மடிப்பு

பெட்டியைப் படுக்க வையுங்கள். அதன் சுற்றில் நான்கு முகங்கள் இருக்கும். அவற்றில் இரண்டு முகங்கள் சேரும் ஒரு மூலையில் தொழிற்சாலை ஒட்டு இருக்கும். அந்த ஒட்டை ஒட்டிய முகம் ஒன்று மேலே வரும்படி வையுங்கள். அந்த மேல் முகத்தைத்தான் நாம் வெட்டி எடுக்கப் போகிறோம், ஒட்டும் அதோடு போய்விடும். மீதி மூன்று முகங்களும் ஒட்டில்லாத ஒரே அட்டை. அடியில் இருப்பது தரை. இரு பக்கமும் நிற்பவை சுவர்கள். பெட்டிக்காரர் போட்டுத் தந்த மடிப்புக் கோடுகளே படகின் அடி மூலைகளாகின்றன, நாம் அங்கே கத்தியே வைப்பதில்லை.

பக்கச் சுவர் 70 செ.மீ. உயரம் நிற்கும். அதை 30-இல் வெட்டிவிட எல்லாருக்கும் கை அரிக்கும். வெட்டாதீர்கள். தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் ஒரு மடிப்புக் கோடு, அதிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி இன்னொன்று என இழுத்து, சுவரை உள்பக்கமாக மடக்கி இறக்குங்கள். இப்போது சுவர் இரண்டு அடுக்கு. அதன் மேல் விளிம்பு வெட்டு ஓரமாக இல்லாமல் மடிப்பாக இருக்கும். மிச்சமிருக்கும் சுமார் 10 செ.மீ. அட்டையை மறுபடி மடக்கித் தரையின் மேல் படுக்க வைத்து ஒட்டுங்கள். ஓர் அங்குலம்கூட வீணில்லை. கோடு இழுக்க ஸ்கேலையும் தேக்கரண்டிக் காம்பையும் பயன்படுத்துங்கள். அழுத்தி இழுத்தால் பள்ளம் விழ வேண்டும், தாள் கிழியக் கூடாது. கத்தியால் பாதி ஆழம் கீறி மடிப்பது எளிதாகத் தெரியும், ஆனால் அந்த இடம்தான் பந்தயத்தன்று பிளக்கும்.

இனி முனைகள். தரையின் இறக்கை சுமார் 35 செ.மீ. இருக்கும். அதை நிமிர்த்தி, 30-இல் வெட்டுங்கள். பக்கச் சுவரின் இறக்கைகளில் கீழ் 30 செ.மீ. மட்டும் வைத்துக்கொண்டு, மேல் பகுதியைச் சுவரை மடக்கும் முன்பே வெட்டி எடுத்துவிடுங்கள். அந்த இரண்டு பக்க இறக்கைகளும் உள்ளே மடங்கி நடுவில் சந்திக்கும். அவற்றின் மேல் வெளியிலிருந்து தரையின் இறக்கை படியும். இரண்டு அடுக்குச் சுவர் கிடைத்துவிட்டது. நான்கு அடிமூலைகளிலும் கட்டைவிரல் நுழையாத, ஆனால் தண்ணீர் நுழைகிற ஒரு சின்ன இடுக்கு இருக்கும். அதை மறக்காதீர்கள், பிறகு வருகிறேன்.

தரைக்கு மூன்று அடுக்கு வேண்டும். முதல் அடுக்கு இருக்கிறது. வெட்டி எடுத்த மேல் முகம் இரண்டாவது. மூன்றாவதை வேறொரு பெட்டியிலிருந்து, நெளிவு குறுக்கே ஓடும்படி வெட்டுங்கள். ஃபிரிட்ஜ் பெட்டியில் நெளிவு உயரவாக்கில் ஓடுவதால், படுக்க வைத்ததும் முதல் இரண்டு அடுக்கிலும் அது படகின் நீளத்தில் ஓடும். நீளத்தில் விறைப்பாக இருக்கும், ஆனால் அகலத்தில் பாய் மாதிரி சுருளும். குறுக்கே ஓடும் ஒரு அடுக்கு அதைத் தடுக்கிறது. பிளைவுட்டில் செய்வதும் இதுதான்.

கடைசியாக, படகின் நடுவில் 20 செ.மீ. உயரத்துக்கு, இரட்டை அட்டையில் ஒரு குறுக்குத் தடுப்பு. எங்கள் முதல் ஆண்டுப் படகில் இது இல்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்தார்கள், நடுப்பகுதியை நீர் மேலே தள்ளியது, சுவர்கள் உள்ளே சாய்ந்தன, புத்தகம் மூடுவதைப் போல் படகு இருவரையும் மூடிக்கொண்டது. அவ்வளவு நிதானமாக மூழ்கியதை நான் பார்த்ததே இல்லை. தடுப்பு வையுங்கள், ஆட்களை முனையில் உட்கார வைக்காமல் தடுப்புக்கு முன்னும் பின்னும் நெருக்கமாக உட்கார வையுங்கள்.

வேகம் வேண்டும் என்பவர்கள் முன்னால் ஒரு மூக்கு வைக்கலாம். மிச்ச அட்டையை மடித்து, கீழிருந்து மேலே சரிந்த ஆப்பு வடிவில் ஒட்டினால் தட்டையான முகம் நீரைத் தள்ளுவது குறையும். முதல் படகுக்கு இது தேவையில்லை. நேராகப் போவதற்குப் பின்னால் அடியில் மூன்று அடுக்கு அட்டையில், மீனின் துடுப்பு போல நிற்கும் ஒரு தகடு வைப்பது அதைவிடப் பயன் தரும்.

ஒட்டு, துணி, பெயிண்ட்

மர வேலைக்கு விற்கும் வெள்ளைப் பசையில் நீரைத் தாங்கும் வகையை, ஃபெவிகால் மரைன் போன்றதை, கேட்டு வாங்குங்கள். சாதாரண வகை நீரில் இளகும். தடிமனாக ஊற்றாதீர்கள். பசையிலும் நீர்தான் இருக்கிறது, நிறைய ஊற்றினால் நீங்களே அட்டையை நனைக்கிறீர்கள். பழைய ஸ்கேலால் மெல்லியதாக வழித்து, அடுக்குகளைச் சேர்த்து, மேலே பாரம் வையுங்கள். பாரத்துக்கு 20 லிட்டர் குடிநீர் கேன்களைவிட நல்லது இல்லை. ஓர் இரவும் ஒரு பகலும் நகர்த்தாதீர்கள்.

பிரவுன் டேப்பைச் சுற்றித் தள்ளினால் வேலை முடிந்தது என்று ஒவ்வொரு ஆண்டும் ஒரு குழு நினைக்கிறது. அந்த டேப்பின் மேல் பெயிண்ட் ஒட்டாது. டேப்புக்கு அடியில் நீர் ஒருமுறை நுழைந்தால் தாளோடு உரிந்து வரும். நான் பழைய பருத்தி வேட்டியைப் பரிந்துரைக்கிறேன். நான்கு விரல் அகல நாடாக்களாகக் கிழித்து, பசையில் தோய்த்துப் பிழிந்து, ஒவ்வொரு வெட்டு ஓரத்திலும் ஒவ்வொரு இணைப்பிலும் பாதி இப்பக்கம் பாதி அப்பக்கமாக ஒட்டுங்கள். முன்னே சொன்ன அடிமூலை இடுக்குகளில் பசையில் குழைத்த காகிதக்கூழை அடைத்து, அதன் மேல் இரண்டு அடுக்குத் துணி. என்னைக் கேட்டால் முழு வேலையிலும் மிக முக்கியமான அரை மணி நேரம் இதுதான்.

பெயிண்ட் எண்ணெய் வகை எனாமல். சுவருக்கு அடிக்கும் நீர் கலந்த பெயிண்ட் வேண்டாம். முதல் பூச்சை அட்டை குடித்துவிடும், பதற வேண்டாம். ஒரு நாள் காய விட்டு இரண்டாவது பூச்சு, மறுநாள் அடிப்பகுதிக்கு மட்டும் மூன்றாவது. உள்ளே தரைக்கும் அடியுங்கள், துடுப்பிலிருந்து சொட்டும் நீர் அங்கேதான் தேங்கும். திறந்த வெளியில், அடுப்பு நெருப்பு இல்லாத இடத்தில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க அடியுங்கள். சேலத்து ஏப்ரல் வெயிலைத் திட்டாத நாள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு உண்டென்றால் அது இந்த நாள்தான். கடைசிப் பூச்சுக்குப் பிறகு வாசனை போகும்வரை, குறைந்தது மூன்று நாள், தண்ணீரில் இறக்காதீர்கள்.

எந்தத் தண்ணீர்?

இதில் எனக்குச் சமரசம் இல்லை. இடுப்பளவு ஆழமுள்ள நீச்சல் குளம், அல்லது பள்ளிக்குள் தார்ப்பாய் விரித்துக் கட்டிய தொட்டி. கிணறு கூடாது, கல்குவாரிக் குட்டை கூடாது, காவிரியில் பூலாம்பட்டியிலும் மேட்டூரிலும் படகு ஓடுவதைப் பார்த்துவிட்டு அங்கே போகக் கூடாது. பாதுகாப்பாகத் தோன்றும் பண்ணைக் குட்டை இவை எல்லாவற்றையும்விட ஏமாற்றும். அதன் சரிவில் விரித்திருக்கும் பிளாஸ்டிக் தாள் ஈரமானால் கால் நிற்காது, நீச்சல் தெரிந்தவர்களாலும் கரையேற முடியாமல் போகும். ஏற்காடு ஏரியில் மிதிபடகுகள் போகின்றன என்பதற்காக நாமும் இறக்கிவிட முடியாது, அனுமதி வேண்டும், ஆழமும் அதிகம்.

குளத்துக்காரரிடம் படகைக் காட்டியே அனுமதி கேளுங்கள். அட்டைக்கூழ் வடிகட்டியில் அடைத்துக்கொள்ளும் என்பது அவர் பயம், நியாயமான பயம். உடைந்தால் உடனே வாரி எடுக்க ஒரு வலையோடு வருகிறோம் என்று சொன்னால் இளகுவார்.

பந்தயத்துக்கு முந்தைய நாள் ஆளில்லாமல் சோதனை. ஐந்து குடிநீர் கேன்களில் நீர் நிரப்பி, பிள்ளைகள் உட்காரும் இடத்தில் வைத்தால் 100 கிலோ. அதிக அழுத்தம்தான், ஆனால் சோதனை அப்படித்தான் இருக்க வேண்டும். படகின் எடையையும் சேர்த்தால் கணக்குப்படி ஒன்பதேகால் செ.மீ. இறங்க வேண்டும். வெளிச்சுவரில் பென்சிலால் கோடு போட்டு ஒப்பிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து உள்ளே எந்த மூலை ஈரம் என்று பார்த்து, உலர்த்தி, அங்கே இன்னொரு துணி.

பந்தயம்

ஏறுவதில்தான் பாதிப் பந்தயம் போய்விடும். இருவர் தண்ணீரில் நின்று படகைப் பிடித்துக்கொள்ள, ஏறுபவர் சுவரைப் பிடிக்காமல் நடுக்கோட்டில் கால் வைத்து, உடனே மண்டியிட வேண்டும். முழங்காலுக்கு அடியில் மடித்த அட்டைத் துண்டு ஒன்று, குத்தும் எடையைப் பரப்பிவிடும். துளைத்துக்கொண்டு போன பையனுக்குப் பிறகு இதை நான் விதியாகவே ஆக்கிவிட்டேன்.

துடுப்பு, மூங்கில் கழியின் நுனியில் மூன்று அடுக்கு அட்டை. முன்னவர் இடது பக்கம், பின்னவர் வலது பக்கம், ஒரே தாளத்தில். எண்ணுவது பின்னவர் வேலை, முன்னவரை அவரால்தான் பார்க்க முடியும். படகு ஒரு பக்கம் திரும்பினால் அந்தப் பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் பலமாகப் போட, மற்றவர் குறைக்க வேண்டும். இருவரும் பயந்து ஒரே பக்கம் போட்டால் பரிசல்தான். வென்றதும் கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பார்கள், எங்கள் இரண்டு படகுகள் கவிழ்ந்தது எல்லைக் கோட்டைத் தாண்டிய பிறகு இப்படித்தான். கரையைத் தொட்டு, பிடிக்க ஆள் வரும்வரை மண்டியிட்டபடியே இருக்க வேண்டும் என்பதை விதியாக எழுதுங்கள், மீறினால் நேரத்தோடு பத்து வினாடி சேர்க்கப்படும் என்றும் எழுதுங்கள்.

நீர் தேங்கிய படகை அப்படியே தூக்காதீர்கள், நடுவில் ஒடியும். தண்ணீரிலேயே பக்கவாட்டில் சாய்த்து வடித்துவிட்டு நான்கு பேர் தூக்குங்கள். அன்றே ஒரு கத்தியால் குறுக்கே வெட்டிப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நீர் எந்த ஓரத்தில் நுழைந்து எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது பழுப்பு நிறத்தில் தெரியும், அறிக்கைக்கு அதை அளந்து எழுதச் சொல்லலாம். வெட்டும்போதே சேர்ந்த, பெயிண்ட் படாத துண்டுகளை மட்டும் முதலிலிருந்தே தனியே கட்டி வையுங்கள். பெயிண்ட் அடித்த அட்டையைப் பழைய பேப்பர் கடைக்காரர் எடுக்கமாட்டார், மூன்று ஆண்டும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.